மூன்று சாண் கயிறு

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்தக் கயிற்றின் வால் மூன்று சாண் இருந்தது.

நெவில் டிரெகென்ஸா அதை அளந்து பார்க்கவில்லை. கெல்லட் துறைமுகத்தின் பளுதூக்கியில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவன். சிங்கி இறால் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைப்பது, அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் அடித்தபின் திரும்ப இறக்குவது, இதுதான் பிழைப்பு. கயிற்றைப் பார்த்தால் அளவு தானாக வந்து மனதில் விழும். கூடவே பயமும் விழும்.

அன்று மனைவி லெனோரைப் பாட்டு ஒத்திகையிலிருந்து கூட்டிப் போக வந்திருந்தான். பழைய கம்பளிக் கிடங்குக்கு வெள்ளையடித்து, கெல்லட் தற்காலக் கலைக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே கூரையிலிருந்து ஒரு பெரிய கொத்து தொங்கியது. முன்பாதி மட்டும் உள்ள ஒரு மரப்படகு. அதைச் சுற்றி நாற்பது சிங்கிக் கூண்டுகள், பதினோரு பள்ளிக்கூட நாற்காலிகள், ஒரு வாஷிங் மெஷின், சடை சடையாகக் காய்ந்த கடற்பாசி. எப்படியும் எழுநூறு கிலோ தேறும். எல்லாவற்றையும் தாங்கியது கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு வெள்ளை நைலான் கயிறு. உத்திரத்தின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, சுவரில் ஓர் இரும்பு வளையத்தில் முடிந்திருந்தது.

நெவில் அந்த முடிச்சைப் பார்த்தான். பிறந்தநாள் பரிசுப் பெட்டியின் மேல் போடுகிற முடிச்சு அது. அதற்கு வெளியே மிஞ்சித் தொங்கிய வால் மூன்று சாண்; அது முழுதும் உள்ளே போனால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

கொத்துக்கு நேர் கீழே பதினாலு பாய்கள் விரித்திருந்தன. அவற்றில் பதினாலு பெண்கள் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தார்கள். படகின் கூர்மூக்குக்கு நேர் கீழே படுத்திருந்தவள் லெனோர். முனகலில் கயிறு மெல்ல அதிர்ந்தது.

அதிர்ந்த கயிறு, முடிச்சுக்குள் ஒரு நூலளவு நகர்ந்தது.

நெவில் வளையத்தை நோக்கிப் பாய்ந்தான். தரையில் ஒரு மஞ்சள் கோடு. கால் பட்டதுமே எங்கோ மணி அலறியது. காவலாளி குறுக்கே வந்து நின்றார். "கோட்டைத் தாண்டாதீங்க சார். கயித்துக்கு ஆபத்து."

"அவங்களுக்கு?"

"அவங்க படுத்துக்கலாம். அனுமதி உண்டு."

மணிச் சத்தம் கேட்டு ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் சாஸ்கியா. சட்டையில் 'உத்வேக அலுவலர்' என்று பட்டை குத்தியிருந்தாள். கையில் எழுதும் பலகை.

"அந்தக் கயிறு நழுவுதும்மா," என்றான் நெவில்.

"அப்படி உங்களுக்குத் தோணுது."

"தோணல. நழுவுது."

"அந்த நழுவலை உடம்புல எங்க உணர்றீங்க? வயித்துலயா, நெஞ்சுலயா?"

"சுவத்துல. அந்த வளையத்துக்கிட்ட."

அவள் எழுதிக்கொண்டாள். "வேர்க்குதா?"

"வேர்க்குது."

"ரொம்ப நல்லது," என்று பச்சை நிற அட்டை ஒன்றை அவன் கையில் திணித்தாள். 'நான் உத்வேகம் பெற்றேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே வரிசை எண்: 2.

மாநிலக் கலைத்துறையின் நிபந்தனை அது. வருகிறவர்களில் பத்துக்கு நாலு பேராவது உத்வேகம் பெற்றாக வேண்டும். இல்லாவிட்டால் கலைக்கூடத்தை மூடிவிடுவார்கள். பதினொரு நாளில் இருநூறு பேர் வந்திருந்தார்கள். அட்டை வாங்கியது ஒருவர்தான். அவரும் அதைக் கார் நிறுத்தும் சீட்டு என்று நினைத்து வாங்கியவர்.

*

வெள்ளிக்கிழமை காலை வால் இரண்டு சாண்.

இயக்குநர் டாக்டர் அலிஸ்டர் பிம், நெவிலைத் தன் அறைக்கே வரவழைத்து, இரண்டு கையாலும் அவன் கையைக் குலுக்கினார். ஒல்லியான மனிதர். எதைச் சொன்னாலும் எதிரே ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பது மாதிரி சொல்லும் பழக்கம்.

"ஒரு சாதாரண மனுஷர் என் முன்னாடி வந்து, 'பயமா இருக்கு'ன்னு சொல்ல மாட்டாரான்னு ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன், மிஸ்டர் டிரெகென்ஸா."

"சார், அது எழுநூறு கிலோ."

"விவரக் கையேட்டுல 'எடையற்றது'ன்னு போட்டிருக்கோம்."

"என் சங்கிலி ராட்டினத்தைக் கொண்டு வர்றேன். பத்தே நிமிஷம். பளுவை அதுல தாங்கிக்கிட்டு, கயித்தை ஒழுங்காக் கட்டிக் கொடுத்துட்டுப் போயிடறேன். கூலி வேணாம்."

டாக்டர் பிம் வருத்தத்தோடு தலையாட்டினார். "அது போஸ்டர்ல இருக்கிற முடிச்சு. மாத்தினா வேற படைப்பாயிடும். வேற படைப்புன்னா நாலு கமிட்டி ஒப்புக்கணும். நாலும் அடுத்த பிப்ரவரிலதான் கூடுது."

"அது நாளைக்கே விழுந்துடும்."

"விழுந்தா அது சேதம். சேதத்துக்கு ஒரே கமிட்டிதான். அன்னிக்கே கூடிடும்." நெவிலுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"கீழ பதினாலு பேர் படுத்திருப்பாங்க சார்."

"அவங்களையும் நாங்க மறந்துடலையே. இதோ பாருங்க." மேசையிலிருந்த பெயர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். *தாங்குதல். கலைஞர்: அயோனா வெல்பெக். கலவைப் பொருட்கள்: பாதிப் படகு, கூண்டு, நாற்காலி, வாஷிங் மெஷின், கடற்பாசி, பெண்கள் (14).*

நெவில் அட்டையைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினான். "ஆபத்தைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா சார்?"

அதற்கும் கோப்பு இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: *முதன்மை ஆபத்து: பார்வையாளர்கள் உத்வேகம் பெறாமல் போகலாம். வாய்ப்பு: மிக அதிகம். விளைவு: உயிர்போகும்.* யாருடைய உயிர் என்று பார்த்தான். கலைக்கூடத்தின் உயிர்.

"நாளைக்கு மூணு மணிக்கு முறைப்படி திறப்பு விழா," என்றார் டாக்டர் பிம். "உத்வேகம் பெற்ற குடிமகனா நீங்கதான் பேசணும். இப்ப சொன்னதையே சொல்லுங்க. அந்த நடுக்கத்தோட. தயவுசெஞ்சு இன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கிடாதீங்க."

வெளியே வந்ததும் தொழில் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டான். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வேலை செய்ற இடமா, கலையா?" என்றார். கலை என்றான். "அதுக்கு வேற நம்பர், இணைக்கிறேன்," என்றார். இரண்டு முறை மணி அடித்தது.

"உத்வேகப் பிரிவு, சாஸ்கியா பேசறேன்."

*

"துணி காயப்போடற கொடியக்கூட மாசத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பாக்கறவன் நீ," என்றாள் லெனோர். அடுப்பிலிருந்து இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்டிகளை எடுத்து, சாஸ் புட்டியோடு அவன் முன்னால் வைத்தாள். "போன கிறிஸ்துமஸுக்கு மரத்துல தொங்கவிட்ட நட்சத்திரத்துக்கு ரெண்டாவது கயிறு போட்டியே, ஞாபகம் இருக்கா?"

"விழலல்ல?"

"அட்டை நட்சத்திரம், நெவ்."

"நாளைக்குப் போகாத லெனோர்."

"முப்பது வருஷமா பாடறேன். எப்பவும் பின்வரிசை, தூணுக்குப் பின்னாடி. இப்பதான் நடுவுல போட்டிருக்காங்க. படகோட மூக்குக்கு நேரா."

"அதான் சொல்றேன்."

அவள் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அந்த முகத்தை அவள் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், துறைமுகக் கூட்டாளி மர்ரேயின் கால் போன அன்று.

துறைமுகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பளு அந்தரத்தில் நிற்கும்போது யாருக்காவது ஏதோ சரியில்லை என்று பட்டால் கையை முஷ்டியாக்கித் தலைக்கு மேலே தூக்க வேண்டும். தூக்குகிறவர் படகு முதலாளியா, மீன் வாங்க வந்தவரா என்று பார்ப்பதில்லை. பளுதூக்கி நிற்கும். பேச்சு நிற்கும். கீழே இருக்கிறவர்கள் ஏன் என்று கேட்காமல் வெளியே ஓடுவார்கள். கேள்வியெல்லாம் பிறகு. அன்று, படகைத் தாங்கிய வார்ப்பட்டை நழுவுவதை நெவில் பார்த்தான். நிஜமா, கண் மயக்கமா என்று அரை விநாடி யோசித்தான். அந்த அரை விநாடிக்காக மர்ரே இன்றைக்கும் ஊன்றுகோலில் நடக்கிறான்.

"நான் போறேன்," என்றாள் லெனோர் மெதுவாக. "ஆனா நீ அங்க நில்லு. நீ முஷ்டி தூக்கினா நான் யோசிக்க மாட்டேன். நான் மட்டுமில்ல. அங்க படுக்கற பதினாலு பேரும் துறைமுகத்து ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவங்கதான்."

நெவிலுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை.

*

சனிக்கிழமை இரண்டரை மணி. வால் ஒரு சாண்.

கிடங்கின் பின்பக்கம் ஒரு பெண் பெட்டி மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வண்ணக்கறை படிந்த மேலங்கி. கலைஞர் அயோனா வெல்பெக். நெவிலைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"நீங்க பளுதூக்கிக்காரர்தானே? உங்களைப் பாத்துதான் இந்த யோசனையே வந்துச்சு. போன வருஷம் உங்க துறைமுகத்துல நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு வயசான அம்மா முஷ்டியைத் தூக்கினாங்க. நாப்பது பேர் அப்படியே நின்னுட்டாங்க. நான் வாழ்க்கைல பாத்ததுலயே அழகான விஷயம் அது. ராத்திரியே உக்காந்து வரைஞ்சுட்டேன்."

"அந்த முடிச்சு?"

அவள் முகம் விழுந்தது. "பேரு தெரியாது. ஷூ லேஸ் மாதிரி போட்டு இன்னொரு சுத்து சுத்தினேன். போட்டோ எடுக்கறதுக்காகத்தான் கட்டினேன் சார். கயிறு கட்டத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடுங்கன்னு மூணு தடவை கேட்டேன். போஸ்டர் அச்சாயிடுச்சு, இனிமே தொடக் கூடாதுன்னுட்டாங்க. நேத்து நானே அவிழ்க்கப் போனேன். காவலாளி தடுத்துட்டாரு."

"உங்க படைப்புதானே?"

"அதைத்தான் நானும் கேட்டேன். கலைஞரா வந்தீங்களா, பார்வையாளரா வந்தீங்களான்னு கேட்டாரு. கலைஞர்னா சனிக்கிழமை வாங்கன்னுட்டாரு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கட்டடத்தில் பயப்படுகிற இன்னொரு ஆள் கிடைத்ததில் நெவிலுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். கட்டியவளே பயப்படுகிறாள் என்பதால் அது வரவில்லை.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "அந்த முஷ்டி பத்தி நான் எழுதினதைக் கையேட்டுல மூணாம் பக்கம் போட்டிருக்காங்க. எல்லார் கைலயும் ஒண்ணு கொடுத்திருக்காங்க."

அது ஏன் கெட்ட செய்தி என்பது நெவிலுக்கு அப்போது புரியவில்லை.

*

மூன்று மணி. நூற்றைம்பது பேர். கையில் வெள்ளை ஒயின், தட்டில் தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக். முன்வரிசையில் ஊர்க் கவுன்சில் முழுவதும் உட்கார்ந்திருந்தது. பதினாலு பெண்கள் பாயில் மல்லாந்து படுத்தார்கள். லெனோர் கண்ணை மூடவில்லை. தலையைச் சாய்த்து நெவிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெவிலின் கண் கயிற்றில் இருந்தது. ஆறு விரல்.

டாக்டர் பிம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நண்பர்களே, பாதுகாப்பு என்பது என்ன? பழக்கம். பழக்கம் என்பது என்ன? தூக்கம். இந்தக் கலைக்கூடம் யாரையும் பாதுகாப்பாக வீட்டுக்கு அனுப்பாது என்று நான் உறுதி கூறுகிறேன்."

கைதட்டல். பெண்கள் முனகத் தொடங்கினார்கள். 'ம்ம்ம்.' கயிறு அதிர்ந்தது.

ஐந்து விரல்.

"உத்வேகம் பெற்ற முதல் குடிமகன் இப்போது பேசுவார்," என்றார் டாக்டர் பிம்.

நெவில் ஒலிபெருக்கி முன்னால் வந்தான்.   "அது விழப்போகுது," என்றான். குரல் கிழிந்தது. "தயவுசெஞ்சு எல்லாரும் தள்ளிப் போங்க. விழப்போகுது."

கூட்டம் உருகிப்போயிற்று. முன்வரிசையில் ஒரு கவுன்சிலர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஓரத்தில் சாஸ்கியா பச்சை அட்டைக் கட்டைப் பிரித்தாள்.

நான்கு விரல். மூன்று. முடிச்சின் உள்வளையம் பாம்புபோல் நெளிந்தது.

நெவில் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அந்த அரை விநாடியை அன்று செலவழிக்கவில்லை. முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

அரங்கத்தில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மூணாம் பக்கம். அடுத்த கணம் நூற்றைம்பது பேரும், ஒயின் கிண்ணம் இல்லாத கையால், முஷ்டியைத் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு, அழகான முகங்களோடு, அசையாமல் நின்றார்கள்.

பாயில் படுத்திருந்த பதினாலு பேர் மட்டும் நிற்கவில்லை. பாட்டு பாதியில் அறுந்தது. கொட்டிவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி நாலா பக்கமும் உருண்டார்கள். லெனோர் உருண்ட வேகத்தில் டாக்டர் பிம்மின் காலைத் தட்டிவிட்டு அவரையும் சேர்த்துக்கொண்டு உருண்டாள்.

வெள்ளைக் கயிறு சீறிக்கொண்டு உத்திரத்தின் மேல் ஓடியது.

எழுநூறு கிலோ தரையில் இறங்கிய சத்தம் துறைமுகம் வரை கேட்டதாகப் பிறகு மர்ரே சொன்னான். பதினாலு பாய்களும் படகுக்கடியில் போயின. வாஷிங் மெஷினின் கதவு மட்டும் உருண்டு வந்து நெவிலின் காலடியில் சுற்றிச் சுற்றி நின்றது.

தூசி. அமைதி. நெவில் பெண்களை எண்ணினான். பதினாலு. இன்னொரு முறை எண்ணினான். பதினாலு. அப்போதுதான் மூச்சு விட்டான்.

கைதட்டல் ஏழு நிமிடம் நிற்கவில்லை.

டாக்டர் பிம் தரையிலிருந்து எழுந்தார். ஒரு காதில் லாமிங்டன் தேங்காய்த்தூள். அவர் கண்ணில் தண்ணீர். "இனி இந்தப் படைப்பு நான்கு சுவருக்குள் அடங்காது," என்றார். "ஊரே இனிக் கலைக்கூடம்." கவுன்சில் எழுந்து நின்று தட்டியது. சாஸ்கியாவின் கட்டில் ஓர் அட்டைகூட மிச்சமில்லை. நூற்றைம்பதும் பச்சை.

அயோனா, நொறுங்கிய நாற்காலிகளுக்கு நடுவில் நின்று நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே தரையில வைக்கிற மாதிரி எதையாவதுதான் செய்வேன் சார்," என்றாள். அன்று மாலை பஸ்ஸிலேயே மெல்போர்னுக்குக் கிளம்பிவிட்டாள்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணி. தெற்கிலிருந்து காற்று.

லெனோர்தான் காரை ஓட்டினாள். ஞாயிறு முழுக்க அவளுக்கு முட்டி வலி; நெவிலுக்கு நடுக்கம். துறைமுகத்தை நெருங்கும்போது, "ஏன் இத்தனை கூட்டம்?" என்றாள்.

பளுதூக்கி ஏற்கெனவே நிமிர்ந்து நின்றது. அதன் கதவில் ஒரு சிறிய வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. *தயவுசெய்து தொடாதீர்கள்.* கீழே சின்ன எழுத்தில்: *உத்வேகம் பெற்ற கெல்லட் கவுன்சிலின் ஞாயிற்றுக்கிழமைச் சிறப்புத் தீர்மானப்படி.* கலைக்கூடத்தில் இருந்தது போலவே ஒரு மஞ்சள் கோடு பளுதூக்கியைச் சுற்றிப் புதிதாக ஓடியது. கோட்டில் அதே காவலாளி.

மேலே, பாதிப் படகு இல்லை. முழுப் படகு. ஒன்பது டன். வார்ப்பட்டைகளை ஒரு வெள்ளை நைலான் கயிற்றில் சேர்த்து, அதைப் பளுதூக்கியின் உச்சி வழியாக இறக்கிப் பக்கத்துத் தூணில் கட்டியிருந்தார்கள். கலைக்கூட ஊழியர்கள் போஸ்டரைப் பார்த்து, வளையத்துக்கு வளையம் சரியாகக் கட்டியிருந்தார்கள். டாக்டர் பிம் அவர்களைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

படகுக்குக் கீழே பாய்கள். அவற்றில் அடிலெய்டிலிருந்து மூன்று பேருந்துகளில் வந்த ஆட்கள் மல்லாந்து படுத்திருந்தார்கள். முப்பது பேர். காதில் ஒலிக்கருவி. நெஞ்சின் மேல் கையேடு, மூணாம் பக்கம் பிரித்தபடி. பக்கத்தில், இடம் கிடைக்காதவர்கள் வரிசையில் நின்றார்கள்.

நெவிலின் கண் தூணுக்குப் போனது. ஆறு விரல்.

முஷ்டியைத் தூக்கினான்.

பாயிலிருந்து முப்பது முஷ்டிகள் எழுந்தன. வரிசையிலிருந்து எழுபது. எல்லோர் முகத்திலும் ஒரு புன்னகை. கடலோரத்தில் வலை அலசிக்கொண்டிருந்த நாலு படகுக்காரர்கள் மட்டும் அனைத்தையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைப் பார்த்து ஒருவர், "உள்ளூர் நடிகர்கள்," என்று தன் மனைவிக்கு விளக்கினார்.

"எந்திரிங்க," என்று நெவில் கத்தினான். "இது நிஜம்."

"நிஜம்," என்று கையேட்டில் அடிக்கோடிட்டார் ஒரு பெரியவர்.

லெனோர் மேல்சட்டையைக் கழற்றி எறிந்தாள். "நெவ், பேசாத. காலைப் பிடிச்சு இழு."

இழுத்தார்கள். முதல் ஆளை இழுத்து வெளியே போட்டார்கள். அவர் பரவசத்தோடு நன்றி சொன்னார். இரண்டாவது ஆள். மூன்றாவது. நெவில் நான்காவது ஆளின் கணுக்காலைப் பிடித்தபோது திரும்பிப் பார்த்தான்.

வரிசையில் முதலில் நின்ற அம்மாள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, காலியான பாயில் வந்து படுத்தாள். அடுத்தவர் இரண்டாவது பாயில் படுத்தார். அதற்கடுத்தவர் மூன்றாவதில். சாஸ்கியா ஒவ்வொருவர் தலைமாட்டிலும் குனிந்து, "வேர்க்குதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

நெவில் தூணைப் பார்த்தான்.

மூன்று விரல்.